கல்லறை வாசலில் துறைமுகப் பாட்டு

"பாட்டைத் தள்ளி ஓட்டுற பொத்தானை அழுத்தாதீங்க, நாடா சிக்கிக்கும்!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் கணவர் அழுத்திவிட்டார். பொத்தான் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. இனி எந்தப் பாட்டையும் தாண்ட முடியாது, வரிசையாகத்தான் பாடும். கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவுக்கு முன்னால் துறைமுகக் கூலிகளின் குத்துப்பாட்டு கிளம்பியது.

ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்துப் பாட்டைப் போட்டு ஊரைச் சுற்றிக் காட்டும் இந்தப் பாட்டு நடை துறைமுகத்தில் தொடங்கிக் கல்லறையில் முடிய வேண்டியது. தண்ணீர்க் குழாய் வெடித்துத் துறைமுகச் சாலையை மாலைவரை மூடிவிட்டதால், அவள் நடையைத் தலைகீழாகத் தொடங்கினாள். கேசட்டில் பாட்டுகள் பழைய வரிசையிலேயே இருந்தன. போனில் வருவதெல்லாம் பாட்டா என்று கேட்டு, புதுப் பாட்டுகளையும் கேசட்டில் ஏற்றியவர் கணவர். ரேடியோ ரிப்பேர்காரர்.

"ஊர் ரேடியோவெல்லாம் இவர் கைல பாடும். வீட்டு டேப்புதான் இப்படி" என்றாள்.

வந்திருந்த எட்டுப் பேரில் ஒருத்தி நகராட்சி அதிகாரி. அவளுக்குப் பிடித்துப்போனால் இந்த நடையை நகராட்சியே நடத்தும், சம்பளம் உண்டு. பிடிக்காவிட்டால் பழைய கூண்டுதான். நடையை நடத்தும் இவள் இருபது வருடம் சினிமாக் கொட்டகைக் கூண்டில் டிக்கெட் கொடுத்தவள். படங்களைப் பார்த்ததில்லை, சுவர் வழியாகப் பாட்டுகளைக் கேட்டாள். எந்தப் பாட்டுக்கு எந்தத் தெரு ஆள் விசிலடிப்பான் என்று தெரியும். கொட்டகை இப்போது கட்டில் கடை. கடைக்காரர் அதே கூண்டில் உட்கார்ந்து ரசீது போடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இங்க சோகப் பாட்டுன்னு சொன்னீங்களே?"

கதவுக்குப் பின்னாலிருந்து குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வந்தார். திட்டப்போகிறார் என்று கணவர் ஒலிபெருக்கியை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"சத்தத்தைக் கூட்டுங்க அண்ணே. எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினப்ப பாடினது. நானும் இதைப் பாடிக்கிட்டேதான் வெட்டுவேன். சோகப் பாட்டுக்குக் கை ஓடாது."

"இங்க போய் இவ்வளவு சத்தமா..." என்றாள் அதிகாரி.

"இத்தனை வருஷத்துல யாரும் எந்திரிச்சு வந்து புகார் சொன்னதில்லீங்க."

அதிகாரி சிரித்துவிட்டாள். நடையை நடத்துகிறவளுக்கு அப்போதுதான் அதைக் கொண்டுபோகும் வழி தெரிந்தது. கையிலிருந்த குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தப்பான பாட்டு ஒன்று வந்தது. அது யாருக்குச் சொந்தம் என்று அங்கே இருந்தவர்களையே கேட்டாள். பேக்கரிக்காரர் ரயில் பாட்டுக்கு மாவு பிசைந்து காட்டினார். ரயில்வே குடியிருப்பில் வந்த புது ராப் பாட்டை மாடிப்படியில் துணி உலர்த்திய கிழவர் வார்த்தை தவறாமல் பாடினார். பேரன் ஓயாமல் போடும் தொல்லையாம். துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது கேசட்டில் மிச்சமிருந்தது அந்தச் சோகப் பாட்டு. கிரேன் ஓட்டுகிறவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"இதுக்கு இங்க ஆளில்லை" என்றாள் அவள். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் திங்கள். காலையில் அதிகாரி போன் செய்தாள். மாதம் இரண்டு ஞாயிறு. கல்லறையிலிருந்தே தொடங்க வேண்டும். அவள் சரி என்றாள். கட்டில் கடைக்குப் போய், வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். கணவர் பொத்தானைக் கழற்றிச் சரிசெய்யப் பார்த்தார். இது இப்படியே இருக்கட்டும் என்று அவள் அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி உள்ளே வைத்தாள். மதியம் கொஞ்சம் மழை பெய்தது.