மீதி வைக்காத மன்றம்

வாடகைக்கு அறை பார்க்க இன்று காலை பஜார் ரோட்டுக்குப் போனேன். எனக்கல்ல, கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரித் தமிழ் மாணவர் மன்றத்துக்கு. கீழே கிடங்கில் சுக்கு மூட்டையைப் பிரித்திருந்தார்கள். அந்த நெடி ஏறியதும் மனம் பழைய அறைக்குப் போய்விட்டது.

அதுவும் ஒரு கிடங்கின் மாடிதான். வீட்டில் புத்தகம் விரிக்க இடமில்லாத பிள்ளைகள் அங்கே போய்ப் படிப்போம். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து அப்பா பகலெல்லாம் தூங்கும் ஒற்றை அறை வீடு எங்களுடையது. பக்கத்தைப் புரட்டினால்கூடத் திட்டு விழும்.

மன்றத்துக்கு வரவு, மாதச் சந்தாவும் பொங்கல் சாப்பாட்டுக் கூப்பனும். செலவில் ஒரு சட்டம் உண்டு. ஆண்டு விழாவோடு கையிருப்பு காலியாக வேண்டும். முன்பு மீதிப் பணத்துக்காகப் பழைய குழுவும் புதுக் குழுவும் அடித்துக்கொண்டதால் வந்த சட்டம் அது. எது மிஞ்சினாலும் பிரியாணியாகிவிடும். நான் ப்ளஸ் டூ படித்த வருடம் நன்றாகவே மிஞ்சியது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன், டைரியில் இருக்கிறது.

ஆண்டு விழாவுக்கு மறுநாளே கட்டட முதலாளி ஹம்சிக்கா மாடியேறி வந்தார்; இக்கா என்றால் இங்கே அண்ணன். கூரை மாற்ற வேண்டுமாம். மூன்று மாத வாடகை அட்வான்ஸ் தரவேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். எனக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

“காசு ஒண்ணும் இல்ல இக்கா,” என்றார் பொருளாளர் முருகேசன் அண்ணன், ஏதோ பரிசு வாங்கியவர்போல.

“காசில்லியா? நேத்து இங்க பிரியாணி மணந்து எனக்கு உறக்கம் வரலியேடா!”

“அந்த மணந்தான் இக்கா காசு,” என்றாள் நர்சிங் படித்த செல்வி.

இக்கா சிரித்துவிட்டார். “செரி, பிள்ளைகளுக்குப் பரீட்சை கழியட்டே. அப்பறம் சாவி என் கையில வரணும்.”

பரீட்சை முடிந்தது, சாவியும் போனது. பிறகு யார் யார் வீட்டு மொட்டை மாடியிலோ கூடினோம். சட்டத்தையும் தலைகீழாக்கினோம், மறுபடி அறை எடுக்கும்வரை கையிருப்பைத் தொடவே கூடாதென்று. வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பியது, வங்கி வட்டி, இப்போது போனிலேயே வந்து விழும் சந்தா என எல்லாம் சேர்ந்து கிடக்கிறது.

அந்தத் தைரியத்தில்தான் இன்று அறை பார்க்கப் போனேன். நல்ல அறை. இரண்டு ஜன்னல், காயல் காற்று. மன்றத்தின் இப்போதைய செயலாளர் என் தங்கை மகள். போனில் கூப்பிட்டேன்.

“ரூமா? எதுக்கு மாமா? மீட்டிங் எல்லாம் போன்லயே நடக்குதே.”

“படிக்கிறதுக்கும்மா.”

“ஆரு வருவா? எனக்கே தனி ரூம் இருக்கல்லோ.”

“எடுக்கிறீங்களா சாரே?” என்று தரகர் வாசலிலிருந்து கேட்டார். உட்காரவும் முடியவில்லை, இறங்கவும் மனமில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். படிக்க இடமில்லாமல் அலையும் ஒரு பிள்ளையையாவது இந்தத் தெருவில் எனக்குத் தெரியுமா என்று யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.