மேட்டுக் கொட்டடியின் மேற்கு ஜன்னல்

சுடுகாட்டுக் கொட்டகையில் ஆறு மாதம் படுத்துத் தூங்கியவன் நான். எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியதில் உப்பளம், லாரி, பஸ் ஸ்டாண்டு என்று படுக்காத இடமில்லை, எங்கேயும் எதுவும் வந்து என் காலைப் பிடித்து இழுத்ததில்லை. பேய்க்கதை யாராவது ஆரம்பித்தால் எழுந்து பீடி பிடிக்கப் போய்விடுவேன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை. நடந்ததும் பட்டப்பகலில்தான்.

எங்கள் பக்கம் மலை கிடையாது. கீழ்வேளூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் வயல், வயல் முடிந்தால் கடல். கோடியக்கரைக் காட்டுக்குள் ஒரு மணல்மேடு இருக்கிறது, எங்களுக்கு அதுதான் மலை. அதன் உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துக் காவல் கொட்டடி ஒன்று, கப்பலையும் காட்டுத்தீயையும் பார்க்கக் கட்டியதாம். மூன்று சுவரில் மூன்று ஜன்னல், நாலாவதில் வாசல். போன வருடம் தை மாதம் அதைப் பழுது பார்க்க எங்கள் ஊர்க் கொத்தனார் முருகையன் அண்ணனோடு சித்தாளாகப் போனேன்.

மேற்கு ஜன்னலின் சட்டம் இற்றுப்போயிருந்தது, செங்கல் வைத்து அடைத்துவிடச் சொல்லியிருந்தார் காண்டிராக்டர். காட்டு வாட்சர் காதர் பாய் மட்டும், "ஒரு கல்லு அளவாச்சும் விட்டு வைங்க. பாக்குறவங்களுக்கு வேணும்ல" என்றார்.

"யாரு பாய் பாக்குறது, நரியா?" என்று அண்ணன் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் காலை அடைத்தோம். கலவை குழைத்தது நான், கல் எடுத்துக் கொடுத்தது நான். ஜன்னல் இருந்த தடமே தெரியாமல் பூசி முடித்தபோது மணி பத்து.

குடிதண்ணீர் தீர்ந்திருந்தது. தண்ணீர் பிடிக்க வனத்துறை செக்போஸ்டுக்குத்தான் போக வேண்டும், பாதை வழியாகப் போனால் சுற்று. அண்ணன் மேட்டுக்கு மேற்கே கிடந்த சதுப்புக்குக் குறுக்கே இறங்கப் பார்த்தார்.

"அது உப்புச்சேறுண்ணே, வேணாம்."

"போடா. பொறந்ததுலேருந்து சேத்துலயே கெடக்குறேன், இது என்ன பண்ணிரும்?"

நடவு வயலில் வளர்ந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வயல் சேற்றுக்கு அடியில் தரை உண்டு. அங்கே இல்லை.

ஒரு மணி ஆகியும் ஆளைக் காணோம். போன் போட்டேன், ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டைக்குள்ளேயே அடித்தது. உள்ளே ஓடி மேற்கு ஜன்னலில் முழங்கைகளை ஊன்றிப் பார்த்தேன். மூன்று நாளாக அங்கே சாய்ந்து நின்றுதான் சாப்பிட்டேன், கால் தானாகப் போய்விட்டது.

அன்று பார்த்ததை எப்படிச் சொல்வது. நம் கண்ணுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. காடு முழுவதும் எனக்குக் கீழே விரிந்து கிடந்தது, அதற்கப்பால் கடல், கடலில் ஒரு பாய்மரம், உப்புத் தண்ணீரில் நின்ற ஒவ்வொரு பூநாரையின் காலும் தனித்தனியாகத் தெரிந்தது. காட்டுக்குதிரைகள் மேயாமல் தலை தூக்கி மேட்டையே பார்த்து நின்றன. காற்று இல்லை, சத்தம் இல்லை. எனக்குப் பயமே வரவில்லை, கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன். ஒற்றை உடைமரத்துக்கு இடப்பக்கம் ஒரு தலையும் இரண்டு கையும் தெரிந்த பிறகுதான் உடம்பு அசைந்தது.

சாரப் பலகையையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். உடைமரத்துக்கு இடப்பக்கமே இருந்தார், மார்பு வரை இறங்கியிருந்தார். பலகையில் குப்புறப் படுத்து அக்குளில் கயிறு போட்டு இழுத்து இழுத்து, என் கை தோல் உரிந்த பிறகுதான் சேறு அவரை விட்டது. இரண்டு பேரும் மணலில் கிடந்து மூச்சு வாங்கினோம்.

"ஜன்னல்லேருந்து பாத்தேண்ணே, அதான் நேரா வந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். "எந்த ஜன்னல்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலே ஏறிப் போனோம். சுவர் அடைத்தபடியே இருந்தது, பூச்சு இன்னும் ஈரம். அண்ணன் அதில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"நானும் பாத்தேன்டா" என்றார். "ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு. நீ நின்னு கையைக் காட்டிக்கிட்டே இருந்த. அந்தக் கையைப் பாத்துக்கிட்டுத்தான் ஒடம்ப ஆட்டாம கெடந்தேன்."

"நான் கையே காட்டலண்ணே. பாத்த ஒடனே எறங்கி ஓடியாந்துட்டேன்."

"அதாண்டா சொல்றேன். நீ பலகையில படுத்து என் தோளப் புடிக்கிற. அப்பவும் மேல கை ஆடிக்கிட்டே இருக்கு."

அண்ணன் கரண்டியை எடுத்தார், கண் மட்டத்தில் ஒரு கல்லைப் பெயர்த்து வெளியே எடுத்தார். காண்டிராக்டர் வந்து திட்டினார், வாங்கிக்கொண்டோம்.

இப்போது நான் திருப்பூரில் இருக்கிறேன். அண்ணன் எப்போதாவது போன் செய்வார், கோடியக்கரைப் பக்கம் போனாயா என்றுதான் முதலில் கேட்பார். ஒருமுறை போனேன். மேட்டில் ஏறவில்லை, கீழே சதுப்போரத்தில் நின்று அந்த ஒரு கல் ஓட்டையைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினேன். பதிலுக்கு ஏதாவது ஆடுகிறதா என்று பார்க்க நிற்கவில்லை.