பிலிப்புவின் வலது தோள்

குருநகர் பிலிப்புவுக்கு வயது ஐம்பத்தெட்டு. நாற்பது வருடம் வலை இழுத்த வலது தோள், போன மாரியோடு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. சட்டை போடக்கூட மனைவி யோசப்பின்தான் கைகொடுக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, வெட்டித் தைக்கலாம் என்றார்கள். அவர்கள் கேட்ட காசுக்கு வள்ளத்து எஞ்சினை விற்க வேண்டும். எஞ்சினை விற்றுக் கையைச் சுகப்படுத்தி, கரையில் நின்று காகம் கலைப்பதா? மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பாசையூர் மரியரட்ணத்திடம் விலை பேசிவிட்டார்.

யோசப்பின் விடவில்லை. மரியரட்ணத்திடம் மூன்று மாதத் தவணை கேட்டுவிட்டு, புருசனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பிசியோ பிள்ளை ஜெசிதா தோளை அசைத்துப் பார்த்தாள். டொக்டரிடமும் கேட்டுவிட்டு, மூன்று மாதம் பயிற்சி செய்வோம், சரிவராவிட்டால் வெட்டலாம் என்றாள். ஒரு ரப்பர் பட்டியைக் கொடுத்து, மெதுவாகப் பத்துத் தரம் இழுக்கச் சொன்னாள். செலவு பஸ் காசு மட்டும்தான்.

இழுக்கிற வேலையைக் குருநகரானுக்குப் படிப்பிக்க வேண்டுமா? பட்டியை யன்னல் கம்பியில் கட்டி, காலை ஊன்றி, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவை எடுத்துவிட்டார் பிலிப்பு. அம்பா பத்தோடு நிற்கிற பாட்டா? இருநூறைத் தாண்டியது. விடிய எழும்பினால் தோளைத் தொட முடியவில்லை.

"ஐயா, உது வலையில்லை, மீன் வராது," என்றாள் ஜெசிதா. "பத்தெண்டா பத்துத்தான்."

வழி கண்டுபிடித்தவள் யோசப்பின். அம்பாவுக்குத் தடை போட்டுவிட்டுச் செபமாலையை எடுத்தாள். ஒரு அருள்நிறை மந்திரத்துக்கு ஒரு இழுவை. செபமாலையில் பத்து மணி உருண்டதும் கையைத் தொங்கவிட வேண்டும். செபத்தை ஓட்டமாக ஓட்டப் பார்த்த பிலிப்புவை அவள் ஒரு முறை முறைத்தாள், அதோடு அடங்கிவிட்டார்.

தவணை முடிந்த காலையில் மரியரட்ணம் காசுப்பையோடு வந்து, எஞ்சினை ஒருக்கால் இயக்கிக் காட்டச் சொன்னார். ரப்பர் பட்டியால் தோள் சுகமாகும் என்று இன்னும் நம்பாத பிலிப்பு முகத்தைத் தொங்கப்போட்டபடி வள்ளத்தில் ஏறினார். குனிந்து கயிற்றைப் பிடித்து ஒரு இழுவை. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இழுத்தது வலது கை. நோவும் இல்லை. பிலிப்பு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. கரையில் யோசப்பின் சிரிப்பதும் அழுவதுமாக இருந்தாள்.

"தம்பி, குறை நினையாதை," என்றார் பிலிப்பு. "இது விக்கிறதுக்கில்லை."

மரியரட்ணம் காசுப்பையை மடிக்குள் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறிக் குந்தினார்.

"அப்ப விடுங்கோ அண்ணை, ஒரு சுத்துப் போட்டு வருவம்."