கையில் எதுவும் இல்லாமல் ஒரு சனிக்கிழமை: மாண்ட்ரியல், 1975

பிப்ரவரி மாதத்தில் மாண்ட்ரியலுக்கு யாராவது ஊர் சுற்றப் போவார்களா என்று கேட்காதீர்கள். நான் போனேன். 1975-இல் டொரன்டோவில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கக் கல்லூரி என்னை அனுப்பியது. அது முடிந்ததும் ஐந்து நாள் மிச்சமிருந்தது. பெரியம்மா மகன் சேகர் அண்ணா மாண்ட்ரியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மருத்துவராக இருந்தார். விடுவேனா, ரயிலேறிவிட்டேன். குளிர்காலத்தில் அங்கே போகத் துணிபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடுவில் ஒரு வம்பும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நிலையத்திலிருந்து பேருந்து. கட்டணத்துக்குச் சரியான சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் மீதி தரமாட்டார். நான் ஒரு டாலர் தாளை நீட்ட, அவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லி உண்டியலைக் காட்டினார். அதில் போட்டதோடு சரி.

அண்ணா குடியிருந்த கட்டடத்தில் மேல்மாடியில் மிரியம், லெவ் என்று ஒரு யூதத் தம்பதி. சோவியத் நாட்டில் ரீகா நகரத்திலிருந்து குடியேறி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. மிரியம் கணிதம் கற்பிப்பவள், கடவுள் பக்தி நிறைந்தவள். லெவ் பொறியாளர், கடவுளே இல்லை என்பவர். மிரியத்தின் தம்பி போரிஸும் நாட்டைவிட்டுக் கிளம்ப மனுக் கொடுத்தான். அனுமதி மறுத்துவிட்டார்கள், வேலையும் போனது. அந்தச் சனிக்கிழமை காலை, நகரத்தில் உள்ள சோவியத் தூதரகக் கிளைக்கு மாஸ்கோவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி. வாசலில் போய் நின்று தம்பியின் பெயரை அவர் கண்ணில் படவைத்துவிட வேண்டும் என்பது மிரியத்தின் தவிப்பு.

சிக்கல், அது சனிக்கிழமை. அவர்களுடைய ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் சாய்ந்தது முதல் சனி இருட்டும்வரை வண்டி ஏறக் கூடாது, தெருவில் எதையும் சுமக்கக் கூடாது. கோரிக்கை எழுதிய தட்டியைத் தூக்குவதும் சுமப்பதுதான்.

வெள்ளி மதியம் அண்ணாவோடு மேல்மாடிக்குத் தேநீர் குடிக்கப் போனபோது இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர், எங்கள் வீட்டில் சாமி படமே கிடையாது. "உங்க தம்பி அங்க தவிக்கிறார், நீங்க கிழமை பாக்கறீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

மிரியம் கோபப்படவில்லை. "யூதனா இருக்கறத விட்டுடு, எல்லாம் தர்றோம்னுதான் அங்க அவன்கிட்ட சொல்றாங்க. நாளைக்கு ஒரு மணி நேரம் நான் விட்டுக்கொடுத்தா, அவங்க கேட்டதை நானே செஞ்சு குடுத்த மாதிரி."

லெவ் பக்கம் திரும்பினேன். அவர் என் கட்சி என்று நம்பிக்கை. "கடவுள் இல்லைதான்," என்றார். "ஆனா அதை நானே யோசிச்சு முடிவு பண்ணினேன். போலீஸ் வந்து சொல்லித் தர வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. அப்பா மேடையேறிச் சாமியைத் திட்டியது யாருக்கும் அஞ்சாமல்தான். திட்டாதவனைச் சிறையில் போடு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பகுத்தறிவின் பெயரால் கழுத்தைப் பிடிக்கும் அரசாங்கத்துக்கு நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?

"உனக்குத் தைக்கத் தெரியுமா?" என்று மிரியம் கேட்டாள். சுமப்பதற்குத்தான் தடை, உடுத்துவதற்கு இல்லை. வெள்ளைப் படுக்கை விரிப்பை எழுத்தெழுத்தாக வெட்டி அவளது கறுப்புக் கோட்டில் தைக்க ஆரம்பித்தோம். முன்பக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் 'என் தம்பியை விடு'. முதுகில் ரஷ்ய எழுத்தில் தம்பியின் முழுப்பெயரும் ஊரும். சூரியன் விழுந்தால் தையலும் கூடாது என்பதால் பேச்சே இல்லை. கடைசி முடிச்சைப் போட்டதும் அவள் ஓய்வுநாளை வரவேற்கும் மெழுகுவத்தி ஏற்றப் போனாள்.

கீழே வந்ததும் அண்ணா பிடித்துக்கொண்டார். "விசிட்டர் விசால வந்திருக்க, உனக்கெதுக்குடி இதெல்லாம்? உன்னப் புடிச்சு உள்ள போட்டா உங்கப்பாகிட்ட நான் என்ன சொல்றது?"

"ரொம்ப சந்தோஷப்படுவார்ணா, அதையே சொல்லுங்க."

மறுநாள் மிரியம், லெவ், நான் மூவரும் நடந்தோம். மலையைச் சுற்றி நகரத்துக்கு நாலரை கிலோமீட்டர், பனியில் ஒன்றேகால் மணி நேரம். குளிர் மைனஸ் பதினெட்டு. கைக்குட்டையைக்கூட மிரியம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் வந்தாள்.

தூதரகத் தெருவில் போலீஸ்காரர் தட்டி வைத்திருந்தவர்களை எல்லாம் எதிர்ச்சாரியில், தடுப்புக்குப் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு போகிறவர்களுக்குத்தான் வாசல் பக்க நடைபாதை. மிரியம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அவர் கோட்டைப் படித்தார். "இதைக் கழற்றுங்க, மதாம்."

"இது என் கோட்டு. இந்தக் குளிர்ல கழற்றச் சொல்றீங்களா?"

அவர் மீசையெல்லாம் பனி. அவளையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். "நிக்கக் கூடாது. நடந்துக்கிட்டே இருங்க."

நடந்தோம். வாசலுக்கு முன்னால் போவதும் வருவதுமாக, அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், என் பின்னால் லெவ். கறுப்புக் கார் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி முன்பக்கத்து வாசகத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பப் போனார். மிரியம் சட்டென்று அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். இப்போது அவர் முகம் அவளுக்குத் தெரியாது, எதிரே இருந்த எனக்குத் தெரிந்தது. தாய்மொழி எழுத்தைக் கண்டால் யாராலும் வாசிக்காமல் இருக்க முடியாது போலும். அவர் உதடு அசைந்தது. பிறகு உள்ளே போய்விட்டார்.

"படிச்சாரா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"படிச்சார். ஊர்ப்பெயர் வரைக்கும்."

என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். எந்தக் கோயிலிலும் எனக்கு அப்படி ஆனதில்லை, இனி ஆகப்போவதும் இல்லை.

போகிறவர்களுக்கு: கம்பளி உள்ளாடை இரண்டு ஜோடி, பனிக்காலணி கட்டாயம். மலையோரம் நடக்கும்போது கையைக் கோட்டுப்பையில் விடாதீர்கள், வழுக்கினால் ஊன்ற முடியாது. அங்கே பழகுகிறவர்களின் நம்பிக்கையோடு தாராளமாகச் சண்டை போடுங்கள், நான் இன்றும் போடுகிறேன். அந்த நம்பிக்கையைத் தடைசெய்ய ஒருவன் வந்தால் மட்டும் அவர்கள் பக்கம் போய் நில்லுங்கள். விசாவைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளாதீர்கள்.

நான்கு ஆண்டு கழித்து போரிஸுக்கு அனுமதி கிடைத்தது. எங்கள் தையலால்தான் என்று பெருமையடிக்க மாட்டேன். விமானம் புறநகர் நிலையத்தில் இறங்கியது ஒரு சனிக்கிழமை மதியம். லெவ் மட்டும் காரோடு போய் நின்றிருக்கிறார். நடந்ததை அவரே தொலைபேசியில் சொன்னார்.

"அக்கா எங்கே?" என்று கேட்டானாம் போரிஸ்.

"வீட்டுல. சனிக்கிழமை ஆச்சே."

போரிஸும் எங்களைப் போலக் கடவுளை நம்பாதவன். பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டானாம்.

"அப்ப இருட்டட்டும், போகலாம்."