மணியில்லாத வீடு

என் வீட்டுக் கதவை விரலால் சுரண்டிவிட்டு நிற்கிறார் ஹெட்லி. தட்டமாட்டார். மகள் ரோண்டா கல்யாணமாகிப் போய் எத்தனையோ வருடமாகியும், "அத்தே, உள்ள வரலாமா?" என்று கிசுகிசுப்புத்தான். கூச்ச சுபாவம் என்கிறார்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரி, ஊருக்கே அத்தை, நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எங்கள் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காற்றை மீறிக் கத்திப் பேசித்தான் பழக்கம். நண்டுப் படகோட்டும் ஹெட்லியும் அப்படிக் கத்தியவர்தான். ஒரு காலையில் தொலைபேசி அலறிய சத்தத்தில் அவர் மனைவி ஐரிஸ் சரிந்தாள், எழவில்லை. மகளைப் பரிசோதித்தார்கள். அவளுக்கும் அம்மாவுக்கிருந்த அதே இதயக் கோளாறு.

மருத்துவர் சொன்னதை ஹெட்லி என் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார். "நெஞ்சுல ஒவ்வொரு செல்லுக்கும் குட்டிக் குட்டி வாசல் இருக்காம் அத்தே. ஒவ்வொரு துடிப்புக்கும் பொறவு பொட்டாசியம் அது வழியா வெளிய போனாத்தான் அடுத்ததுக்குத் தயாராவுமாம். எம்புள்ளைக்கு அந்த வாசல் சரியா தெறக்கல. அந்நேரம் திடுக்குனு சத்தம் கேட்டா தாளம் தப்பிருமாம்."

தினமும் மாத்திரை கொடுத்தார். தொலைபேசி மணியைக் கழற்றினார். காலையில் அலாரத்துக்குப் பதில், அடுப்பில் உள்ளங்கையைச் சூடாக்கி, மகளின் பாதத்தைப் பிடித்து எழுப்பினார். நாங்களும் மாறினோம். சீட்டாட்டத்தில் துருப்பை மேசையில் அறைவதை விட்டோம்.

"என்ன மாமா, தோத்ததுக்குச் சத்தமே காணோம்?" என்று ரோண்டா சீண்டுவாள்.

"உனக்காகத்தான்டி வாய மூடிட்டுத் தோக்கறேன்" என்பார் என் வீட்டுக்காரர். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே?

கல்யாணமென்றால் இங்கே துப்பாக்கி வெடிக்கவேண்டும். ஹெட்லி வீடு வீடாகப் போய், ரோண்டா கல்யாணத்துக்கு அது வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். சரியென்றார்கள். ஆனால் பக்கத்துக் குடாவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா கஸ்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. மணமக்கள் தேவாலயப் படியில் இறங்கும்போது, அவர்களுக்குப் பின்னால் சுவரோரம் பழைய கடல்நாய் வேட்டைத் துப்பாக்கியை வானத்துக்கு உயர்த்திவிட்டார்.

நான் கத்த வாயெடுத்தேன். ஹெட்லி என்னைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். கத்தினாலும் அவள் திடுக்கிடுவாளே! பூனைபோல் நாலே எட்டில் கஸ்ஸிடம் போனார். அதற்குள் அந்த மனிதர் விசையை அழுத்திவிட்டார். வெடிமருந்தைப் பற்றவைக்க அடித்து இறங்கிய துப்பாக்கியின் இரும்புச் சுத்திக்கு அடியில் ஹெட்லி தன் கட்டைவிரலைக் கொடுத்தார்; துப்பாக்கி வெடிக்கவில்லை.

ரோண்டா திரும்பி, "அப்பா, அங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

விரல் சுத்திக்கடியில் நசுங்கியிருக்க, ஹெட்லி பல் தெரியச் சிரித்து, மற்றக் கையை அவளுக்கு ஆட்டினார்.