தாங்ஙான் சியாப்பா?

என் வலது முழங்கை வளைந்தே இருக்கும். சட்டைக்கு அளவெடுக்கும் தையல்காரர், “கையை நீட்டுங்கண்ணே” என்பார். நீட்டித்தானே இருக்கிறேன் என்று எரிந்து விழுவேன். பாவம், அவர் என்ன செய்வார்?

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல். என்னைவிட ஆறு வயது மூத்த அண்ணன் அக்கம்பக்கத்துப் பையன்களைச் சேர்த்துக் கிரிக்கெட் அணி நடத்தினான். நான் மட்டை பிடிப்பேன், பந்து போடுவேன், எல்லாம் உண்டு. ஒரு நாள் நான் போட்ட பந்தில் விக்கெட் குச்சி இரண்டாக முறிந்தது. வந்தது வினை.

“இனிமே உனக்கு மட்டையே கிடையாதுலா. பந்து மட்டும்தான், வேகமா!” என்றான் அண்ணன்.

“எலும்பு முத்தாத புள்ளடா. ரெண்டு வருசம் போகட்டுமே” என்றாள் அம்மா.

“அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாம்மா?”

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓயாமல் பந்துதான். மூன்றே வாரத்தில் முழங்கைக்குள் ஊசி குத்தத் தொடங்கியது. சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிடுவானோ என்று பயம். சனிக்கிழமை பக்கத்து ஊரான ஜெலுத்தோங் பையன்களோடு ஆட்டம் இருந்தது.

பொட்டலின் கோடியில், ஊரார் டத்தோ என்று வணங்கும் மலாய்ப் பெரியவர் ஒருவரின் சமாதி. மஞ்சள் துணி போர்த்தியிருக்கும். பந்து அங்கே போனால் “தாபே டத்தோ” என்று அனுமதி கேட்டுத்தான் எடுப்போம். வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் தனியாகப் போய் நின்றேன். அவருக்குத் தமிழ் புரியுமோ என்னவோ என்று மலாயில் வேண்டிக்கொண்டேன். “டத்தோ, பாகி தாங்ஙான்.” கை கொடுங்கள்.

அதுவரை இரைந்துகொண்டிருந்த பூச்சிகள் சட்டென்று அடங்கின.

சமாதிக்குப் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் வேலியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மலாயில் உதவி கேட்க ‘தோலோங்’ என்ற சொல் இருக்கிறது. எனக்குத் தெரியாததா? பதற்றத்தில் தமிழை அப்படியே மலாயாக்கிவிட்டேன். அவர் காதில் நான் ஒரு கையையே கேட்டதாக விழுந்திருக்கிறது. சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“தாங்ஙான் சியாப்பா?” என்றார். யாருடைய கை?

சாயங்காலமே வலி போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தால், பிசைந்த சோற்றை என் விரல்கள் உருட்டி, பந்தைப் பிடிப்பதுபோல் பிடித்தன. நான் பிடிக்கவில்லை, சத்தியமாக. இடது கையால் விரல்களைப் பிரித்துவிட்டேன். தொட்டபோது சில்லென்றிருந்தது.

மறுநாள் அந்தக் கை ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல! மெதுவாகப் போட நினைத்தாலும் பந்து சீறிக்கொண்டு போனது. வரிசையாக விக்கெட் விழுந்தது. குச்சிக்குப் பின்னால் நின்ற அண்ணன், “இன்னும் ஒண்ணுலா, ஒண்ணே ஒண்ணு!” என்று கத்தினான். அவர்களுடைய கடைசி ஆள் மட்டையோடு நின்றான். எனக்குத் தலை சுற்றியது. போதும் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை சுழன்றுவிட்டது.

பட்டென்று ஒரு சத்தம், காய்ந்த விறகை முறித்தாற்போல. பந்து அண்ணன் கையில் போய் விழுந்தது. மட்டையில் உரசிய சத்தம் என்று அவன் துள்ளிக் குதித்து “அவுட்!” என்று அலறினான். அம்பயராக நின்ற கடைக்காரர் அந்தக் கூச்சலுக்கே விரலைத் தூக்கிவிட்டார். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் மண்ணில் கிடந்தேன். என் முழங்கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

எலும்பு கூடியது, ஆனால் நிமிரவில்லை. அண்ணன் அந்தப் பழமொழியை அப்புறம் சொன்னதே இல்லை. நானோ அந்தச் சமாதிப் பக்கமே போகாமல், சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

பல வருஷம் கழித்து, அம்மாவின் கருமாதி முடிந்த மத்தியானம், எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணன் என் கையையே பார்த்தான்.

“அன்னிக்கு மட்டையில படலடா” என்றான். “பந்து பாதி வழி வரும்போதே சத்தம் கேட்டுச்சு. உன் கைன்னு எனக்கு அப்பவே தெரியும். கடைசி விக்கெட்லா. கத்திட்டேன்.”

இத்தனை வருஷமும் நான் டத்தோவுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.