இரண்டு தடவை எழுந்து நின்றவன்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருங்களத்தூர் பக்கம் யாரிடமாவது நீங்கள் பேச்சுக் கொடுத்தால் எப்படியும் தெரிந்துவிடும். பதினெட்டு வருடமாக எங்கள் வார்டைக் கைக்குள் வைத்திருந்த ஒரு மனிதரை எதிர்த்து, எங்கள் கட்சிக்குள்ளேயே ஒரு பெண் சீட் கேட்டார். அவருக்காக நான் இரண்டு மாதம் தெருத்தெருவாக அலைந்தேன். ஒரு ஜோடி செருப்பைத் தேய்த்தேன். முடிவெடுக்கும் நாள் வந்ததும், மண்டபம் நிறைந்த கூட்டத்தில் எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில், அந்த மனிதருக்கு வழிமொழிந்துவிட்டு உட்கார்ந்தேன்.

காசு வாங்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. குடித்திருந்தேனா என்றால், காலை பத்தரை மணி. வெறும் பழக்கதோஷம்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தேன். எட்டு மெஷின், அவற்றில் ஆறு ஓடும். எனக்குக் கட்சிமேல் இருந்த பற்றைவிட, கட்சிக்கு என் மெஷின்கள்மேல் இருந்த பற்று அதிகம். மனு, தீர்மானம், உறுப்பினர் பட்டியல் எல்லாம் இலவசமாக அடித்துக் கொடுப்பேன். அதற்குச் சன்மானமாக ஒரு பதவி கொடுத்தார்கள். கூட்டங்களில் யாராவது முன்மொழிந்தால் நான் எழுந்து வழிமொழிய வேண்டும். காரணம், என் குரல். வகுப்பில் ஆறு மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது. பதினான்கு வருடம் இதைச் செய்தேன். கடைசியில் என்ன தீர்மானம் என்றுகூடக் கேட்பதில்லை. "முன்மொழிகிறேன்" என்ற சொல் காதில் விழும், தலைவர் லேசாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பார், என் முழங்கால் தானாக நிமிரும்.

தலைவர் என்று நாங்கள் சொன்னது வார்டுச் செயலாளரை. பூர்வீகமாக அந்த ஊர்க்காரர், ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது சிமெண்ட் கடை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ரேஷன் கார்டு, ஸ்கூல் அட்மிஷன், சாவு வீட்டுக்குப் பெஞ்சும் ஷாமியானாவும், எது வேண்டுமானாலும் அவர் வாசலில் போய் நின்றால் கிடைக்கும். ஆனால் நிற்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் நின்றும் கிடைக்கவில்லை. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு கால்வாய் இருந்தது. அதை மண்ணடித்து மூடி மனை போட்டு விற்றவர் தலைவரின் மைத்துனர். அதற்குப் பிறகு ஐப்பசி வந்தால் தாழ்வான மூன்று தெருக்களில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அந்த மூன்றில் கடைசித் தெருவில் அக்கா இருந்தார்.

என்னைவிட ஐந்து வயது சின்னவர்தான். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. தாம்பரத்தில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பார். கால்வாய்க்காக அவர் கொடுத்த மனுக்களை எல்லாம் நான்தான் அடித்தேன். மூன்று வருடத்தில் ஏழு மனு. ஏழுக்கும் தலைவர் சொன்ன பதில், "பாக்கலாம்மா."

தொண்ணூறுகளின் நடுவில், வெகுநாள் கழித்து, உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். கட்சி மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு வார்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர் சீட் கேட்டால், அந்த வார்டின் கட்சி உறுப்பினர்களைக் கூட்டி ரகசிய ஓட்டெடுத்து வேட்பாளரை முடிவு செய்ய வேண்டும். எங்கள் வார்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தலைவரைத் தவிர இன்னொருவர் சீட் கேட்ட சரித்திரமே கிடையாது.

அக்கா கேட்டார். மறுநாள் சாயங்காலம் கம்பெனி விட்டு நேராக இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார்.

"சார், மெம்பர் லிஸ்ட்டு உங்களாண்டதான கீது?"

"கார்பன் காப்பி இருக்கு."

வாங்கி ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னா சார் இது, பாதிக்குப் பாதி பொம்பளைங்க பேரு. கூட்டத்துக்கு நான் ஒருத்திதான வரேன்?"

சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். உறுப்பினர் சேர்க்கை என்று மேலிடத்திலிருந்து ஆளுக்கு இத்தனை படிவம் என்று வரும். தெருவில் இறங்கி ஆள் சேர்க்க யாருக்கு நேரம்? அவரவர் மனைவி, அம்மா, தங்கை, மச்சினி பெயரை எழுதி, அவரவரே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தலைவர் வீட்டிலிருந்தே ஒன்பது பேர்.

"இவங்களுக்கெல்லாம் ஓட்டு கீதா?"

"சட்டப்படி இருக்கு."

"இது இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்க வூட்டம்மாவுக்கு?"

நான் மெஷினின் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"அப்ப அங்கேர்ந்தே ஆரம்பிக்கலாம். ஏந்திரு சார்."

என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அக்கா பட்டியலை நீட்டி, "இங்க பாரும்மா, பதினோரு வருசமா நீ மெம்பரு" என்றார். மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கட்சியில?"

"நம்ம கட்சிதான்."

"நம்மன்னா?"

பழைய படிவத்தையும் எடுத்துக் காட்ட வேண்டியதாகிவிட்டது. என்னைவிட வேகமாக டைப் அடிப்பவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கட்சியைப் பற்றி அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. "என் பேரை இவ்ளோ அசிங்கமாவா எழுதுவீங்க?" என்றாள்.

அதுதான் எங்கள் பிரச்சாரம். மேடை இல்லை, மைக் இல்லை, நோட்டீஸ்கூட இல்லை. அக்காவின் சாப்பாட்டுப் பையில் அந்தக் கார்பன் காப்பி. கூடவே நானும், ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பியும். சாயங்காலங்களிலும் ஞாயிறுகளிலும் வீடு வீடாகப் போய், பெண்களிடம் அவர்கள் கட்சியில் இருக்கும் செய்தியைச் சொன்னோம். சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா, சந்தா பாக்கி கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார். இன்னொரு பெண் கவலையோடு கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு தலைவர் ஆளுக்கா. நான் எப்டி?"

"பொட்டி கீது. நீ மடிச்சிப் போடற சீட்டு உனுக்கும் பொட்டிக்கும்தான் தெரியும். வூட்டுக்காரரு பொட்டிக்குள்ள பூந்து பாக்க மாட்டாரு."

ஓட்டு ரகசியம், சரி. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு பேர் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று அக்காவின் பெயரை முன்மொழிந்து வழிமொழிய வேண்டும். அது ரகசியம் இல்லை. தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது ஆள் எழவில்லை என்றால் பெயர் தள்ளுபடி, ஓட்டெடுப்பே கிடையாது, வழக்கம்போல் ஒருமனதாகத் தலைவர்தான். முன்மொழிய ஆட்டோத் தம்பி ஒத்துக்கொண்டான். வழிமொழிவதற்குக் கேட்ட இடத்தில் எல்லாம், "ஓட்டு போடறேன்கா, அது மட்டும் வேணாம்" என்றார்கள். எல்லோருக்கும் தலைவர் வாசலில் நின்ற கதை ஒன்று இருந்தது. ரேஷன் கார்டோ, பெஞ்சோ.

"நான் இருக்கேன்" என்றேன். "குரல் இருக்கு, அனுபவம் இருக்கு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கரீட்டா சொல்லிடுவியா சார்?"

"அக்கா, பதினாலு வருஷமா எனக்கு இதானே வேலை."

இதில் இருந்த ஆபத்து எங்கள் யார் மண்டையிலும் உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் வேட்பாளரை முடிவு செய்யும் கூட்டம். எப்போதும் வருவது முப்பது பேர் என்பதால் தலைவர் நாற்பது பேருக்குப் பொங்கல் வடை சொல்லியிருந்தார். ஒன்பதரை மணிக்கே அது தீர்ந்துபோனது. பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்சியின் மாவட்ட அலுவலகம் அனுப்பிய தேர்தல் அலுவலர், கண்ணாடியை ஏற்றி இறக்கி, பட்டியலில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். மைதா மாவு வாங்கப்போனதாக நினைத்த மனைவியை வரிசையில் பார்த்த ஒருவர், "நீ எங்கடி இங்க?" என்று பதறினார்.

"நீங்க சேத்து வுட்டீங்க. வந்துகீறேன்."

அலுவலர் பேனாவால் மேஜையைத் தட்டி, முன்மொழிபவரும் வழிமொழிபவரும் கடைசியில் வந்து தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கட்சியின் மூத்த உறுப்பினர் எழுந்து, தலைவர் பெயரை முன்மொழிகிறேன் என்றார். தலைவர் பழக்கப்படி லேசாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. பக்கத்திலிருந்த ஆட்டோத் தம்பி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் கண்ணாடியில் சில நாள் பார்க்கிறேன். அவன் எழுந்து அக்கா பெயரை முன்மொழிந்தான். "வழிமொழிபவர்?" என்றார் அலுவலர். நான் மறுபடி எழுந்தேன்.

"நீங்கதான சார் இப்ப அவருக்கு வழிமொழிஞ்சீங்க?"

"அது தெரியாம சொல்லிட்டேன். இதான் நெஜம்."

"ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் சார். எழுதியாச்சு. உக்காருங்க."

மண்டபத்தில் சிரிப்பு. நான் உட்கார்ந்தேன். "வேற யாராவது?" என்றார் அலுவலர். சிரிப்பு நின்றது. ஒருவரும் அசையவில்லை. ஓட்டுப் போட வந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். தலைவர் திரும்பி, ஒவ்வொரு வரிசையாக, புன்னகையோடுதான், பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு அக்கா நேராக உட்கார்ந்திருந்தார். ஏழு மனு, மூன்று மழைக்காலம், இரண்டு மாத நடை, எல்லாம் என் முழங்காலால் போயிற்று.

"கடைசியா கேக்கறேன்" என்றார் அலுவலர்.

பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தது என் மனைவி. பொது இடத்தில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் வழிமொழிகிறேன்."

மெல்லிய குரல்தான். ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது, ஏனென்றால் வேறு சத்தமே இல்லை.

தலைவரின் மைத்துனர் துள்ளி எழுந்தார். "இந்தம்மா எந்தக் கூட்டத்துக்கு வந்துகீது? மெம்பரான்னே சந்தேகம். படிவத்துல கீற கையெழுத்தும் இந்தம்மா கையெழுத்தும் ஒண்ணான்னு பாக்கணும்."

அந்தப் படிவத்தில் அவள் கையெழுத்தைப் போட்டவன் நான். அக்கா அமைதியாகச் சொன்னார், "பாக்கலாமே. இவங்களுது மட்டும் இன்னாத்துக்கு, எல்லா பொம்பளைங்களுதும் பாக்கலாம். தலைவரு வூட்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

தலைவர் மைத்துனரின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "வுடுய்யா" என்றார். "வுடு."

ஓட்டெடுப்பு நடந்தது. பிஸ்கட் டின்தான் பெட்டி. பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் அக்கா ஜெயித்தார். தலைவர் வீட்டுப் பெண்கள் ஒன்பது பேரும் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஒன்பது சீட்டும் யாருக்கு என்பது பெட்டிக்குத்தான் தெரியும். தலைவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும், சிமெண்ட் கடையில் அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்று கேள்வி. ஆனால் அன்றைக்கு எழுந்து வந்து அக்காவைக் கும்பிட்டார். பெரிய மனுஷன்தான். போகும்போது என் தோளில் கை வைத்து, "கடைசி வரைக்கும் எங்கூட நின்னது நீ ஒருத்தன்தாம்பா" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவியைக் கேட்டேன். என் மானத்தைக் காப்பாற்றத்தானே எழுந்தாய் என்று. "இல்ல" என்றாள். "வழிமொழிஞ்சவங்க கையெழுத்து போடணும்னு சொன்னாங்க. என் கையெழுத்து எப்படி இருக்கும்னு அந்த ஃபைல்ல ஒரு தடவையாவது இருக்கட்டும்னு தோணுச்சு."

அலுவலரின் தாளில் அதைப் போட்டதை நான் பார்த்தேன். முத்து முத்தாக. என் வாழ்க்கையில் நான் அடித்த அத்தனை தாள்களையும் அடுக்கி வைத்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது. எங்கள் வார்டு செய்த காரியங்களில் எனக்குப் பெருமையானது எது என்று கேட்டால், ஜெயித்ததைச் சொல்ல மாட்டேன். தங்களுக்கே தெரியாமல் யாரோ எழுதிவைத்த பெயருக்கு, அத்தனை பெண்கள் நேரில் வந்து, "நான்தான்" என்று சொல்லி வரிசையில் நின்றார்களே, அதைச் சொல்வேன்.

பிறகு பேரூராட்சித் தேர்தலிலும் அக்கா ஜெயித்தார். கால்வாய் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. பாதி தூரம் தோண்டவே இரண்டு வருடம் ஆயிற்று. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் மறுபடி வந்தது, அதற்கு அடுத்த ஐப்பசியிலும் வந்தது, ஆனால் கணுக்கால்வரைதான்.

அக்கா ஜெயித்த பிறகு நடந்த முதல் வார்டுக் கூட்டத்தில், கால்வாயைத் தோண்டச் சொல்லும் தீர்மானம் வந்தது. நான்தான் அடித்துக் கொடுத்தேன், கார்பன் காப்பியோடு. ஆட்டோத் தம்பி எழுந்து முன்மொழிந்தான். என் முழங்கால் ஏற்கெனவே பாதி நிமிர்ந்திருந்தது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை அனுமதி கேட்டுவிடலாம் என்று, மேடையிலிருந்த அக்காவிடம் மரியாதையாகக் கேட்டேன்.

"அக்கா, நான் வழிமொழியட்டுமா?"

"நீ உக்காரு சார்."